வலிக்காத பாதம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாதத்தில் புண் என்று வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது பல ஆண்டுகளாக என் வேலை. வருகிறவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, "வலிக்கிறதா?" என்பதுதான். "உயிர் போகிறது சிஸ்டர்" என்று முகம் சுளிக்கிறவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. "வலியெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் நடக்கிறேன், வீட்டில்தான் போகச் சொன்னார்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவரைக் கண்டால்தான் பயம். இன்று நான் அதிகம் பேசப்போவது அந்த இரண்டாவது வகைப் பாதத்தைப் பற்றி. ஆனாலும் வலிக்கிற பாதங்களை ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்கு வீடு இருப்பவை அவைதாம். முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததுமே குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது, பத்து அடி நடந்தால் குறைகிறது, வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் குத்துகிறது. இப்படிச் சொல்கிறவர்கள் ஏராளம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான நார்ப்பட்டை இருக்கிறது. அது எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோவதால் வரும் வலி இது. சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று சமைக்கிற பெண்களுக்கும், ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே துணி எடுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கும் இது வருவதில் வியப்பில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த இருக்கை கடையில் போடப்பட்டிருக்கிறதா, போடப்பட்டிருந்தாலும் அதில் உட்கார விடுகிறார்களா என்பதை நேயர்களே அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது பாருங்கள்.

எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முள் வளர்ந்திருக்கிறது" என்று சொன்னால் பலர் கலங்கிப்போகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருடைய குதிகாலிலும் அந்த முள் உண்டு. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. படுக்கையை விட்டு இறங்கும் முன்பே ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை மடக்காமல் உங்களை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பகலில் சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் ஆடுசதையை நீட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். குணமாகச் சில மாதங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறவர்கள்தாம் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

பித்தவெடிப்பு வந்தவர்கள் பார்லருக்குப் போய்ச் சுரண்டிவிட்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. குதிகால் தோல் வறண்டு தடித்து, உடல் எடை அழுத்தும்போது ஓரம் பிளக்கிறது. அவ்வளவுதான். இரவில் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் இலேசாகத் தேய்த்து, ஈரம் முழுவதும் உலர்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ யூரியா கலந்த களிம்போ தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் பாதத்தை நீரில் ஊறவைக்க வேண்டாம். கழுவித் துடைத்துவிட்டுக் களிம்பு தடவினால் போதும். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் அது புண். புண்ணுக்குச் செய்கிற வைத்தியத்தைத்தான் அதற்கும் செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் சேற்றுப்புண்ணும் தொடங்கும். நடவு நடுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், நாள் முழுவதும் ஷூ போட்டிருக்கும் காவல் பணியாளர்கள் எல்லோருக்கும் வரும். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தோல் வெள்ளை வெளேரென்று ஊறி, அரித்து, பிளந்துகொள்ளும். பெரும்பாலும் பூஞ்சைதான் காரணம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள்வரை தடவுங்கள். இந்தச் சின்னப் பிளவுதான் கிருமிகள் உள்ளே போகிற வாசல். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்குக் குளிர்க்காய்ச்சலும் நெறிகட்டும் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். அவர்களுக்கு நாள் தவறாமல் கழுவித் துடைப்பது மாத்திரை சாப்பிடுவதற்கு இணையான வைத்தியம்.

கால் ஆணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓர் இடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுவதால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அழுத்தத்தை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்கும். செருப்பை மாற்றாமல் ஆணி போகாது. வீட்டில் பிளேடு எடுத்துச் சீவுகிறார்கள். ஆணிக்கென்று கடையில் விற்கும் பிளாஸ்டரை ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பிளாஸ்டரில் இருப்பது தோலை அரிக்கும் அமிலம். உணர்ச்சி நன்றாக உள்ள காலில் எரிந்ததுமே பிய்த்து எறிந்துவிடுவீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் அது நல்ல தோலையும் சேர்த்து அரித்துக் குழி பறித்துவிடும்.

இனி, உணர்ச்சி குறைந்த பாதத்தைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். ஊரில் ஆடு மேய்க்கிறவர். வீட்டுத் தரையில் இரத்தத் திட்டுகளைப் பார்த்து மருமகள் பதறி, பேரனோடு அனுப்பிவைத்திருக்கிறார். ரப்பர் செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதத்தைத் தூக்கினார், செருப்பும் கூடவே வந்தது. சீமைக் கருவேல முள் ஒன்று செருப்பின் அடியிலிருந்து ஏறி, பெருவிரலின் மேட்டில் இறங்கிச் செருப்பையும் காலையும் சேர்த்துத் தைத்திருந்தது. அதோடுதான் காடெல்லாம் நடந்திருக்கிறார். இடுக்கியால் நான் முள்ளை உருவியபோது அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்போது தைத்தது அப்பா?" என்று கேட்டேன். "தெரியலையேம்மா" என்றார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறது என்று அவராகவே நிறுத்தியிருந்தார்.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் கேடு அங்கேதான் முதலில் தெரியும். தொடக்கத்தில் இரவில் எரியும், ஊசி குத்தும், மதமதவென்று இருக்கும். பிறகு எரிச்சல் நிற்கும். "குணமாகிவிட்டது" என்று மகிழ்ந்துபோகிறார்கள். சிலருக்கு அந்தக் கட்டத்தில்தான் நரம்பு முற்றிலும் மரத்துப்போயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எத்தனை பாதங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வலி இல்லாத பாதத்தைக் காப்பது எப்படி என்று உலகத்துக்குக் காட்டியதில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்து சிறு வயதை அங்கே கழித்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அந்த நோயினால் தானாகவே அழுகி விழுந்துவிடுகின்றன என்றே அன்று பலரும் நம்பினார்கள். அவரும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார்கள். சுடுகிறது என்று தெரியாமல் அடுப்பிலிருந்து எடுக்கிறார்கள், குத்துகிறது என்று தெரியாமல் நடக்கிறார்கள், தூக்கத்தில் எலி கடித்தாலும் விழிப்பதில்லை. விரலைத் தின்றது நோய் அன்று, உணராத காயம் என்று கண்டுகொண்டார்கள். காயம் படாமல் காத்தால் விரலைக் காக்கலாம் என்று தெரிந்ததும் சிகிச்சையே மாறிப்போனது. வேலூரிலும் பக்கத்திலிருக்கும் கரிகிரி மருத்துவமனையிலும் பாதத்துக்கு மெத்தையாக அமையும் நுண்துளை ரப்பர் செருப்பைச் செய்து பார்த்துச் சீர்திருத்தினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறோமே, அது அந்த உழைப்பில் வந்தது.

அந்தச் செருப்பை வாங்கி வீட்டில் ஒளித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அது அந்த நோய்க்காரர்கள் போடுகிற செருப்பு, கல்யாண வீட்டுக்கு எப்படிப் போட்டுக்கொண்டு போவது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் வருவதில்லை, வருத்தம் வருகிறது. தொழுநோய் மருந்தால் குணமாகிற நோய். அதைப் பற்றிய பழைய கூச்சம் இன்னொரு நோயாளியின் காலைப் பறிக்கிறது. இப்போது பல நிறங்களில், பார்வைக்குச் சாதாரணச் செருப்பு போலவே செய்து தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள். பின்வார் இருக்கட்டும், ஆணி அடித்ததாக இருக்க வேண்டாம். எந்தச் செருப்பானாலும் மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அப்போது சரியாக இருப்பதுதான் சரியான அளவு. மரத்த காலுக்கு இறுக்கமே பொருத்தம்போலத் தோன்றும். அதனால் ஒரு தாளில் நின்று பாதத்தை வரைந்து, அந்தத் தாளைச் செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம்.

இரவு படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டுங்கள். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். குழந்தைகள் இதை மிகுந்த பொறுப்போடு செய்கிறார்கள். விரலிடுக்கு, குதிகால், பெருவிரலின் அடிமேடு மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பிறகு புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மறுநாளே மருத்துவமனைக்கு வாருங்கள். உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். மஞ்சள் பூசிக் குளிக்கும் தாய்மார்கள் பாதத்தில் பூசுவதைத் தவிர்த்தால் நல்லது. அந்த நிறத்தில் சிவப்பு தெரியாது. மெட்டி விஷயத்திலும் இதைத்தான் சொல்கிறேன். வீங்கிய விரலில் மெட்டி இறங்கி வெட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கழற்ற மனம் வராதவர்கள், வாய் திறந்து தளர்த்திக்கொள்ளும்படி அமைந்த மெட்டியைப் போட்டுக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நண்பகலில் கல் பாவிய பிராகாரத்தைச் சுற்றாதீர்கள். மரத்த பாதம் வெந்துபோவது சுற்றி முடிக்கும்வரை தெரியாது. மாலையில் கொப்புளம் எழும்பியிருக்கும். அதிகாலையிலோ இருட்டிய பிறகோ போங்கள். பாதயாத்திரை போகிற சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் சைலன்சரும் வெந்நீரும் இதே வேலையைச் செய்யும். வெந்நீரைக் காலில் ஊற்றும் முன் முழங்கையால் சூடு பாருங்கள்.

புண் வந்துவிட்டால் காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றோ மறுநாளோ வந்துவிடுங்கள். அந்தக் காலை ஊன்றாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். நான் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், அந்தக் காலை ஊன்றிக் கடைக்குப் போய்வந்தால் புண் ஆறாது. மாவுக்கட்டு போட்டு ஆற்றுவதும் இதற்காகத்தான். பாதத்தின் அழுத்தத்தைக் கட்டு வாங்கிக்கொள்கிறது.

பீடியும் சிகரெட்டும் புகைக்கிறவர்கள் இன்னொரு அறிகுறியைக் கவனியுங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை இழுத்து வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் காலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. புகையை நிறுத்தாமல் எந்த மருந்தும் அந்தக் காலைக் காப்பாற்றாது. முப்பது வயதுக்காரர்களின் விரல்கள் கறுத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சர்க்கரை நோயாளிகளுக்கு. மருத்துவரிடம் போகும்போது நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு, "என் பாதத்தைப் பாருங்கள்" என்று கேளுங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அவர்களாகக் கேட்க நேரம் இல்லாமல் போகலாம். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து, இழை வளையும்வரை அழுத்தி, உணர்கிறீர்களா என்று கேட்பார்கள். 10 கிராம் அழுத்தம்தான், வலிக்காது, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருப்பதாகச் சொன்னால் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை தருகிற சகோதரியிடமும் காலைக் காட்டுங்கள். காலைக் காட்டக் கூச்சப்படாதீர்கள். எங்களுக்கு அது அருவருப்பான வேலை அன்று.

வணக்கம்.