பேஸ் கிட்டாருக்குப் புதுப் பூச்சும் புது மின்சுற்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தில்தான் கைவைக்கிறார்கள். கீறல் விழுந்த உடலைச் சுரண்டிப் புது லாக்கர் அடித்தால் ஒலியும் மெருகேறிவிடும் என்று ஒரு நம்பிக்கை. என் கட்சி வேறு. பூச்சு கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். காதுக்கு வேண்டியதை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பிலும், குமிழ்களுக்கு அடியில் ஓடும் நான்கைந்து கம்பிகளிலும்தான் தேட வேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிஸிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. கடைகளில் தொங்கும் மலிவு பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பார்த்துச் செய்தவையே. ஆகவே ஜாஸ் பேஸை வைத்தே பேசுகிறேன்.

அந்தக் காலத்து ஃபெண்டர் நிறங்கள் பல கார்களுக்கென்று கலக்கப்பட்டவை. லேக் பிளாசிட் புளூ என்பது காடிலாக் காரின் நீலம். ஃபியஸ்டா ரெட், ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு. எனவே கார் பட்டறையில் நன்றாக ஸ்பிரே அடிக்கத் தெரிந்த ஒருவரிடம் உங்கள் பேஸின் உடலைக் கொடுப்பதில் தவறே இல்லை. அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: கழுத்து வந்து உட்காரும் குழிக்குள் பெயிண்ட் போகக் கூடாது, டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அங்கே பூச்சு கனத்துவிட்டால் கழுத்து சரியாகப் பொருந்தாது. தந்தியின் உயரம் மாறிவிடும்.

மலிவு பேஸ்களில் பாலியெஸ்டர் பூச்சு கெட்டியாக இருக்கும். அதை மரம் தெரியும்வரை உரிக்க வேண்டிய தேவையே இல்லை. 320, பிறகு 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகுமளவு தேய்த்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, மேலேயே அடிக்கலாம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடிப்பதானால் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் புகைபடியும். இந்த லாக்கர் தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். மூக்கை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தின்னர் வாடை வருகிறவரை பாலிஷ் போடாதீர்கள். இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வகை சீக்கிரம் இறுகிவிடும், ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அடிக்கிற காரியமல்ல அது.

நைட்ரோ பூச்சில் மரம் மூச்சுவிடுகிறது, பாலியெஸ்டர் அதன் குரல்வளையை நெரிக்கிறது என்று பலர் சத்தியம் செய்வார்கள். அறுபதுகளின் ஃபெண்டர்களிலேயே நைட்ரோவுக்கு அடியில் கெட்டியான வேறு சீலர் இருந்தது என்பதை அவர்கள் யாரும் சொல்வதில்லை. பூச்சு ஒலியை மாற்றும் இடம் உண்டு. அது தந்தி வந்து படும் இடம். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தம்முடைய 1962 ஜாஸ் பேஸின் விரற்பலகையில் பதிந்திருந்த ஃபிரெட்டுகள் என்ற உலோகக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிளவுகளை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியை விரற்பலகைமேல் பூசினார். சுருள் கம்பி சுற்றிய தந்தி வெறும் ரோஸ்வுட் பலகையை அராவித் தின்றுவிடும். எபாக்ஸி அதைத் தடுத்தது, கூடவே அந்த இழைந்து பாடும் ஒலிக்கும் துணைநின்றது. உடலின் நிறத்துக்கு அப்படி ஒரு வேலை கிடையாது.

பழைய அசல் ஃபெண்டர் கையில் இருப்பவர்கள் தயவுசெய்து உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள். மறுபூச்சு கண்ட பழைய கருவியின் விலை பலத்த அடி வாங்கும்.

இனி மின்சுற்று. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்அப், இரண்டு வால்யூம், ஒரு டோன். மூன்று கட்டுப்பாடுகளும் 250 கிலோ ஓம். டோனில் ஒரு கெப்பாசிட்டர், வழக்கமாக 0.047 மைக்ரோஃபாரட். மொத்தமே இவ்வளவுதான். மலிவு பேஸ்களில் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். ஜாக்கில் ஒயரை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும். முதல் செலவு இங்கேதான் ஆக வேண்டும்: நல்ல பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாடு) மூன்று, நல்ல ஜாக் ஒன்று. எண்ணெய்க் காகிதக் கெப்பாசிட்டர் என்று பத்து மடங்கு விலை சொன்னால் வாங்காதீர்கள். டோன் சுற்றில் அதன் மதிப்புதான் வேலை செய்கிறது, அது எதனால் ஆனது என்பதல்ல.

சால்டரிங்கில் பலரைத் திணற வைப்பது பாட்டின் முதுகு. எர்த் கம்பிகள் எல்லாம் அங்கேதான் சேரும். அந்தத் தகடு சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். சிறிய அயனை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுத்தினால் உள்ளே கார்பன் தடம் கெட்டுப்போகும். முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, 40 வாட்டுக்குக் குறையாத அயனால் சட்டென்று ஈயம் பரப்பிவிட்டு, பிறகு கம்பியை வையுங்கள். பற்று பளபளவென்று பரவி நின்றால் சரி. சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றால் அது ஒட்டவே இல்லை.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்அப்புகளும் கம்பி சுற்றிய திசையிலும் காந்தத் திசையிலும் எதிரெதிரானவை. இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருக்கும்போது மின்சாரத்தின் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். ஒன்றைக் குறைத்தால் திரும்பிவரும். குழிக்குள் செப்புத்தாள் ஒட்டுவது குழல்விளக்கு, டிம்மர் போன்றவற்றின் கரகரப்பைக் குறைக்கும், ரீங்காரத்தைக் குறைக்காது. தாளின் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்புடன் எர்த்தில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியும் பயனில்லை. தந்திகளும் பிரிட்ஜ் வழியாக எர்த்தில் இருப்பதால், ஆம்பிளிஃபயர் செருகும் மூன்று முனை சாக்கெட்டில் உண்மையான எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் அசட்டை கூடாது.

பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சுற்று வேண்டுமா? 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் அதைப் பரவலாக்கியது. பேஸ் கலைஞர் மார்க்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் நியூயார்க்கின் ரோஜர் சடோவ்ஸ்கி பிரீஆம்ப் என்ற சிறு ஒலிபெருக்கிச் சுற்றை வைத்துக் கொடுத்தார். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் அந்தத் தெளிந்த ஒலியில் அதற்கும் பங்குண்டு. 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். இதில் தனிச் சுவிட்ச் கிடையாது, ஸ்டீரியோ ஜாக்தான் சுவிட்ச். பேட்டரியின் எதிர்முனை ஜாக்கின் நடு வளையத்துக்குப் போகிறது. சாதாரண ஒயரைச் செருகியதும் அதன் உலோகத் தண்டு வளையத்தையும் எர்த்தையும் இணைத்துவிட, சுற்று உயிர் பெறும். ஒயரைச் செருகியபடியே விட்டு உறங்கினால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். தட்டி வாசிப்பவர்களுக்கு இது பிடிக்கும். பழைய திரைப்பாடல்களின் உருண்ட, மெத்தென்ற பேஸை விரும்புபவருக்கு இந்தச் செலவு வேண்டாம். வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்தி ஒரு செட் வாங்கினால் போதும்.

எல்லாம் முடிந்ததும், தந்தி மாட்டுவதற்கு முன்பே ஆம்பிளிஃபயரில் செருகி, ஒவ்வொரு பிக்அப்பையும் ஸ்குரூடிரைவர் முனையால் மெல்லத் தட்டுங்கள். டொக்கென்று கேட்க வேண்டும். கேட்டாலும் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. தந்தி மாட்டி, இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து வாசிக்கும்போது அடிநாதம் வற்றி, ஒலி மூக்கால் பேசுவதுபோல் ஒல்லியாக வந்தால் பதற்றப்பட வேண்டாம். பிக்அப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். ஏதாவது ஒரு பிக்அப்பின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் சால்டர் செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.