பாலஸ்தீன மக்களோட பணம் யார் கையில இருக்கு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பாலஸ்தீனம்னு சொன்னாலே நமக்கு டிவில பார்த்த இடிஞ்ச கட்டடமும் புகையும்தான் ஞாபகத்துக்கு வரும். அதைப் பத்திப் பேச என்னைவிட விவரம் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்காங்க. நான் பேங்க்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், அதனால அந்த ஊர்ல காசு எப்படி வருது, எங்க போய் மாட்டிக்குதுங்கறதை மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். பாவம் ஒண்ணுமில்லாத ஜனங்க, வெளிநாட்டு உதவியிலதான் காலம் ஓடுதுன்னு நம்மள்ல பல பேர் நினைச்சிட்டு இருக்கோம். அப்படி இல்லைங்க. பாலஸ்தீனம்னா மேற்குக் கரை, காஸான்னு ரெண்டு பகுதி. மேற்குக் கரையில இருக்குற ஹெப்ரான்ல ஷூ தைக்கிறாங்க, கல்லு வெட்டி ஏற்றுமதி பண்றாங்க, நாப்ளஸ்ல ஆலிவ் எண்ணெய்ல சோப்பு காய்ச்சுற குடும்பங்க தலைமுறை தலைமுறையா இருக்கு, படிப்புலயும் கெட்டிக்காரங்க. சம்பாதிக்கத் தெரிஞ்ச ஜனங்கதான், ஆனா அந்த சம்பாத்தியம் வீட்டுக்கு வந்து சேரணும்னா வழியில இன்னொருத்தர் சரின்னு சொல்லணும்.

இதுக்கு அடிப்படை 1994 ஏப்ரல்ல போட்ட பாரிஸ் ஒப்பந்தம். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் போட்ட ஆஸ்லோ சமாதான ஒப்பந்தத்தோட பொருளாதாரப் பாதின்னு வெச்சுக்கங்க. மேற்குக் கரையில ரமல்லாவுல ஒரு கடைக்காரர் வெளிநாட்டுலருந்து ஃப்ரிட்ஜ் எறக்குறாருன்னா அது இஸ்ரேலோட அஷ்தோத் துறைமுகம் இல்லன்னா ஹைஃபா வழியாத்தான் பெரும்பாலும் வரணும், அவங்களுக்குன்னு தனியா ஒரு துறைமுகம் கிடையாது. சரக்கு எறங்குற எடத்துலயே சுங்க வரியை இஸ்ரேல் வசூல் பண்ணிக்கும், அப்புறம் 3 சதவீதம் கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்தை மாசா மாசம் பாலஸ்தீன அரசுக்கு அனுப்பணும். பெட்ரோல் மேல போடுற வரியும் இதே மாதிரிதான். நம்ம சம்பளத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி, கமிஷன் போக நம்மகிட்ட தர்றாரு, அவருக்குக் கோவம் வந்தா அந்த மாசம் தர மாட்டேங்குறாருன்னா எப்படி இருக்கும், அப்படித்தான். இடைக்கால ஏற்பாடு, அஞ்சு வருஷத்துக்குன்னு போட்டது, இன்னைக்கு முப்பது வருஷத்தைத் தாண்டியாச்சு.

கோவம் வந்த கதையெல்லாம் வரிசையா இருக்கு. 2006ல இஸ்ரேலை எதிர்க்குற ஹமாஸ் இயக்கம் பாலஸ்தீனத் தேர்தல்ல ஜெயிச்சதும் நிறுத்தினாங்க, 2012ல ஐ.நா. பாலஸ்தீனத்தைப் பார்வையாளர் நாடா ஏத்துக்கிட்டதும் நிறுத்தினாங்க, 2015ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல சேர்றோம்னு சொன்னதும் திரும்ப நிறுத்தினாங்க. 2019லருந்து இஸ்ரேல் சிறையில இருக்குறவங்க குடும்பத்துக்கு அந்த அரசு குடுத்த உதவித்தொகை அளவுக்குப் பிடிச்சுக்கிட்டாங்க, காஸா போர் ஆரம்பிச்ச 2023 அக்டோபருக்கு அப்புறம் காஸாவுக்கான பங்கையும் சேர்த்துப் பிடிச்சாங்க, 2025 மே மாசத்துலருந்து மொத்தமாவே நிறுத்திட்டாங்க. அந்த அரசோட வருமானத்துல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு இந்தப் பணம்தாங்க. டீச்சர், நர்ஸ், குப்பை அள்றவர்னு அரசு சம்பளம் வாங்குற யாருக்கும் 2021 கடைசியிலருந்தே முழு சம்பளம் கிடையாது, பாதி முக்கால்னுதான் வருது. டீச்சருக்கு பஸ்ஸுக்குக் காசு இல்லாம அரசுப் பள்ளிக்கூடங்களை வாரத்துக்கு மூணு நாள்னு குறைக்குற நிலைமை வந்துச்சு. அந்தப் பிள்ளைங்க படிப்பு போனது போனதுதானே, பின்னாடி பாக்கியை மொத்தமா செட்டில் பண்ணாலும் அது திரும்பி வருமா?

இப்ப நோட்டு விஷயத்துக்கு வர்றேன், பேங்க்காரன்ங்கறதால என்னால இதை சாதாரணமா சொல்லிட்டுப் போக முடியல. பாலஸ்தீனத்துக்கு சொந்தமா கரன்சி கிடையாது, பெரும்பாலும் இஸ்ரேலோட ஷெக்கல்லதான் எல்லாமே. மேற்குக் கரையில பேங்க் லாக்கர்ல ஷெக்கல் நோட்டு ரொம்பி வழியுது. இஸ்ரேல்ல வேலைக்குப் போறவங்களும் அங்கருந்து பொருள் வாங்க வர்றவங்களும் ரொக்கமாக் கொண்டு வர்ற காசு அது, திருப்பி இஸ்ரேல் சென்ட்ரல் பேங்க்ல கட்டினாத்தான் கணக்குல ஏறும், அந்தக் கணக்குலருந்துதான் இறக்குமதிக்குப் பணம் அனுப்ப முடியும். ஆனா வருஷத்துக்கு 1,800 கோடி ஷெக்கலுக்கு மேல வாங்கிக்க மாட்டோம்னு வரம்பு வெச்சிருக்காங்க. அதனால பேங்க் கஸ்டமர்கிட்ட டெபாசிட் வாங்கவே தயங்குது, பெட்ரோல் பங்க்காரரும் மொத்த வியாபாரியும் கை நெறைய நோட்டை வெச்சுக்கிட்டு சப்ளையருக்கு அனுப்ப வழியில்லாம நிக்கிறாங்க. பணம் கட்ட வர்றவரைத் திருப்பி அனுப்புற பேங்க்கை நான் என் சர்வீஸ்ல கேள்விப்பட்டதே இல்ல.

அதே ஷெக்கல் காஸாவுல கிடைக்கவே கிடைக்காது. 2023 அக்டோபருக்கு அப்புறம் புது நோட்டு உள்ள போகல, பேங்க் கட்டடமும் ஏடிஎம்மும் முக்கால்வாசி போச்சு. வெளிநாட்டுல இருக்குற அண்ணனோ மகனோ அனுப்புற பணம் போன்ல வந்துடும், ஆனா மாவு வாங்கக் கையில நோட்டு வேணுமே, அதை மாத்திக் குடுக்குற ஆளு போர் உச்சத்துல இருந்தப்ப நூத்துக்கு முப்பது நாப்பதுன்னு கமிஷன் எடுத்தாங்க. இருக்குற நோட்டும் கைமாறிக் கைமாறிக் கிழிஞ்சு நைஞ்சு போச்சு. மார்க்கெட் ஓரமா ஒரு சின்ன மேஜையைப் போட்டு, கிழிஞ்ச நோட்டைப் பசை வெச்சு ஒட்டி, சாயம் போன எடத்துக்குக் கலர் குடுத்துத் தர்றதையே பொழப்பா ஆளுங்க ஆரம்பிச்சாங்க, போட்டோவுல பார்த்தேன், பிளேடு நுனியில நோட்டோட ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறாரு ஒருத்தர். ஒட்டின நோட்டைக் கடைக்காரர் வாங்குவாருன்னு நிச்சயமும் இல்ல. காஸா பொருளாதாரம் 2024ல 83 சதவீதம் சுருங்கிடுச்சு, தலைக்கு வருஷ வருமானம் 161 டாலர்னு ஐ.நா.வோட வர்த்தக வளர்ச்சி அமைப்பு கணக்கு சொல்லுது. மாசத்துக்குப் போட்டுப் பாருங்க, பதிமூணு டாலர் சொச்சம்.

வேலைக்குப் போறவங்க கதை இதோட சேர்ந்ததுதான். 2023 வரைக்கும் மேற்குக் கரையிலருந்து ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல இஸ்ரேலுக்கும், மேற்குக் கரையிலேயே இஸ்ரேல்காரங்க கட்டியிருக்குற குடியேற்றங்களுக்கும் வேலைக்குப் போனாங்க, சென்ட்ரிங், கம்பி கட்டுறது, டைல்ஸ் ஒட்டுறதுன்னு பெரும்பாலும் கட்டட வேலை. கூலி சொந்த ஊரைவிட ரெண்டு மடங்கு. அதுக்காக ராத்திரி மூணு மணிக்கே எழுந்து செக்போஸ்ட்ல கம்பிக் கூண்டு மாதிரி இருக்குற வரிசையில போய் நிக்கணும், பெர்மிட்டுக்குப் புரோக்கருக்கு மாசம் 2,000 ஷெக்கலுக்கு மேல அழுதவங்க எத்தனையோ பேர். அந்த வருஷம் அக்டோபர்ல பெர்மிட் எல்லாத்தையும் ஒரே அடியா நிறுத்தினாங்க, ஒரு சின்னப் பகுதிதான் திரும்பக் கிடைச்சுது. சமைச்சுப் போட வீட்டுல அரிசி இல்லாதவன் என்ன பண்ணுவான், ஜெருசலேம் பக்கத்துல அல்-ராம்ல ஏணி வெச்சுக் கயிறு கட்டி இஸ்ரேல் கட்டின அந்த உயரமான சுவத்தைத் தாண்டிப் போறாங்க, அதுல சுடப்பட்டவங்க இருக்காங்க, விழுந்து செத்தவங்களும் இருக்காங்க.

அந்தக் காலி எடத்துக்கு ஆள் எடுத்தது எங்கன்னு உங்களுக்கும் தெரியும். 2024 ஜனவரியில ஹரியானாவுல ரோத்தக்லயும் உத்தரப் பிரதேசத்துல லக்னோலயும் ஆயிரக்கணக்கான பசங்க வரிசையில நின்னாங்க, இலங்கையிலருந்தும் விவசாய வேலைக்கு ஆள் போச்சு. போனவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, வீட்டுல கஷ்டம், போறாங்க. அனுப்பாதீங்கன்னு நம்ம மத்திய தொழிற்சங்கங்க அப்பவே அறிக்கை விட்டுச்சு, அதை யாரும் காதுலயே போட்டுக்கலங்கறதுதான் எனக்கு வருத்தம்.

நிலம் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். மேற்குக் கரையில 60 சதவீதம் சி ஏரியான்னு முழுக்க இஸ்ரேல் ராணுவக் கட்டுப்பாட்டுல இருக்கு, கிணறு வெட்டணும்னாலும் ஷெட் போடணும்னாலும் பெர்மிட், அது கிடைக்குறது குதிரைக் கொம்பு. அந்த நிலத்தை மட்டும் பாலஸ்தீனர்கள் பயன்படுத்த விட்டா அவங்க பொருளாதாரம் மூணுல ஒரு பங்குக்கு மேல வளரும்னு உலக வங்கியே 2013ல கணக்குப் போட்டுச்சு. மேற்குக் கரையிலருந்து இஸ்ரேலுக்குள்ள சரக்கு போற தர்கூமியா செக்போஸ்ட்ல பாத்தீங்கன்னா ஹெப்ரான்லருந்து வர்ற லாரியில இருக்குற சரக்கை முழுசா எறக்கி, சோதிச்சு, அந்தப் பக்கம் நிக்கிற இஸ்ரேல் நம்பர் லாரியில திரும்ப ஏத்தணும், ரெண்டு லாரி வாடகை, ரெண்டு லோடு கூலி, பழமா இருந்தா வெயில்ல வாடி விலையும் போகும். இதையெல்லாம் தாங்கிக்கிட்டும் ஒருத்தர் கம்பெனி நடத்துறாருன்னா அவர் திறமையை என்னன்னு சொல்றது!

ஐரோப்பிய நாடுங்க உதவித்தொகை அறிவிக்குறப்பல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருது, பிடிச்சு வெச்சிருக்குற அவங்க வரிப்பணத்தை விடுங்கன்னு ஏன் கறாரா கேக்க மாட்டேங்குறாங்க? நம்ம நாடும் இரு நாடு தீர்வுக்கு ஆதரவா 2025 செப்டம்பர்ல ஐ.நா.வுல ஓட்டு போட்டுச்சு. அடுத்த தடவை இஸ்ரேல்கிட்ட வேலைக்கு ஆள் அனுப்புற ஒப்பந்தம் பேசுறப்போ, அந்த டீச்சரோட அரைச் சம்பளத்தைப் பத்தியும் அதே மேஜையில கேட்டாகணும். கேட்டுக்கிட்டு இருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.