ஆயுதக் குழுக்களோடு அரசு பேசலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன். "குண்டு வைத்தவர்களோடு அரசு உட்கார்ந்து பேசினால், குண்டு வைத்ததற்குச் சன்மானம் கொடுத்ததாக ஆகாதா? அதே கோரிக்கையை ஆயுதம் எடுக்காமல் கேட்டவர்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லையே, அவர்கள் என்ன ஏமாளிகளா? பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ஐ.எஸ். அமைப்போடும் பேசலாமா?"

ஒன்றுக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் உண்மையிலேயே கஷ்டமானது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. 'தீவிரவாதிகளோடு பேச்சுக்கே இடமில்லை' என்று அரசுகள் மேடையில் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1993 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர், ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது என்றாலே தனக்கு வயிற்றைப் புரட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு செய்தித்தாள் விஷயத்தை உடைத்துவிட்டது. வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் எடுத்த அமைப்பு ஐ.ஆர்.ஏ. அந்தத் தரப்போடு அவருடைய அரசு ரகசியமாகச் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து வியாபாரி பிரெண்டன் டடி வழியாக எழுபதுகளிலேயே திறந்த வழி அது. நடுவில் ஆட்சிகள் மாறின, குண்டுகள் வெடித்தன, அந்த வழி மட்டும் முழுதாக மூடவில்லை. மேஜரை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தொடர்பை வைத்துக்கொண்டதுதான் அவர் செய்த நல்ல காரியம் என்பேன்.

ஆகவே 'பேசலாமா வேண்டாமா' என்று கேட்பதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. எப்படியும் பேசுகிறார்கள். பேச வருவதற்கே அரசு என்ன விலை கொடுக்கிறது, அந்த அறைக்குள் யாரை விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'பேசினாலே அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும்' என்கிறார்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் 3-வது பிரிவு, உள்நாட்டுச் சண்டையில் இருக்கும் தரப்புகள் தங்களுக்குள் தனி உடன்பாடுகள் செய்துகொள்ள முயல வேண்டும் என்கிறது. அதைச் சொன்ன கையோடு, இதனால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறாது என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. காயம்பட்டவர்களை மீட்கவும் கைதிகளை மாற்றிக்கொள்ளவும் ஒரு தளபதியோடு பேசுவதால் அவர் அமைச்சர் ஆகிவிட மாட்டார். அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் சட்டத்திலேயே இந்த வரியை வைத்திருக்கிறார்கள்.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம். இதற்குக் கொலம்பியாதான் நல்ல பாடம். ஒரே நாடு, அரசோடு சண்டை போட்ட ஃபார்க் என்ற அதே இடதுசாரிக் கெரில்லா அமைப்பு, இரண்டு முயற்சிகள். 1998-இல் அதிபர் பாஸ்த்ரானா, பேச்சு தொடங்குவதற்கு முன்பே சுமார் 42,000 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து ராணுவத்தை விலக்கிக்கொண்டார். ஏறக்குறைய சுவிட்சர்லாந்து அளவு நிலம். 1999 ஜனவரி 7 அன்று தொடக்க விழா. அதிபர் வந்து மேடையில் உட்கார்ந்தார். ஃபார்க் தலைவர் மருலாண்டா வரவே இல்லை. பக்கத்தில் காலி நாற்காலி. அந்தப் புகைப்படம் கொலம்பியாவில் இன்றைக்கும் பிரபலம். அடுத்த மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதி ஃபார்க்குக்கு ஆள் சேர்க்கவும், கடத்திக்கொண்டு வந்தவர்களை ஒளித்து வைக்கவும், கோக்கா என்ற போதைப்பயிர்ப் பணத்தில் வளரவும் பயன்பட்டது. 2002 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானத்தைக் கடத்தி ஒரு செனட்டரைத் தூக்கிப் போனார்கள். பேச்சும் அன்றோடு முடிந்தது.

நேயர் சொல்லும் 'சன்மானம்' என்றால் இதுதான். பேசியதால் வந்த கேடு இல்லை இது. எதிரில் இருப்பவர் எதுவுமே செய்யாதபோது, முதல் நாளிலேயே நிலத்தைக் கொடுத்ததால் வந்தது.

பத்து ஆண்டு கழித்து அதிபர் சாந்தோஸ் வேறு மாதிரி செய்தார். முதலில் ரகசியத் தொடர்பு. அப்புறம் 2012-இல் ஹவானாவில் மூடிய அறைக்குள் நிகழ்ச்சி நிரலை மட்டும் பேசி முடித்து, அதன் பிறகே நாட்டுக்கு அறிவித்தார்கள். கியூபாவும் நார்வேயும் உத்தரவாதம் கொடுத்தன. நிலம் எதுவும் விடவில்லை. போர்நிறுத்தம்கூடத் தொடக்கத்தில் இல்லை. இன்னும் சொல்லப்போனால், ஆரம்பத் தொடர்புகள் நடந்துகொண்டிருந்த 2011 நவம்பரிலேயே ஃபார்க்கின் அப்போதைய தலைவர் அல்ஃபோன்சோ கானோவை ராணுவம் கொன்றது. அப்படியும் இரு தரப்பும் பேச்சிலிருந்து எழுந்து போகவில்லை. 2014-இல் பாதிக்கப்பட்டவர்கள் 60 பேரை ஐந்து குழுக்களாக ஹவானாவுக்கு அழைத்துப் போனார்கள். ஃபார்க்கால் பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், அரசுப் படைகளால் பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். தங்களைக் கடத்தியவர்களின் முகத்துக்கு நேரே பேசினார்கள். அப்படியெல்லாம் செய்தும், ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று கேட்ட 2016 அக்டோபர் வாக்கெடுப்பில் 50.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தத்தைத் திருத்தி நவம்பரில் மறுபடி கையெழுத்திட்டார்கள். அவ்வளவு கவனமாகச் செய்த வேலைக்கே மக்களிடம் பாதி ஆதரவுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதற்குக் கத்தார் தலைநகர் தோஹாவில் நடந்த பேச்சைப் பார்க்கலாம். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். பதினான்கு மாதத்தில் வெளிநாட்டுப் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற வேண்டும். காபூலில் இருந்த ஆப்கான் அரசின் சிறைகளில் இருந்த தாலிபான் கைதிகள் 5,000 பேர் வரை விடுதலை ஆக வேண்டும். சிறைச் சாவி காபூல் கையில். கையெழுத்து போட்ட அறையில் காபூல் இல்லை. ஆப்கானியர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியதே செப்டம்பரில்தான். அதற்குள் தாலிபானுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. பிறகு விட்டுக்கொடுக்க அவர்களுக்கு என்ன அவசரம்? 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, பேசினால் இப்படித்தான்' என்பார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் ஆப்கானிஸ்தானின் எதிர்காலத்தைப் பேசியபோது தாலிபான் தோற்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர்களில் யாரையும் கூப்பிடவில்லை. எதிரி பலவீனமாக இருந்தபோது பேச மறுத்துவிட்டு, தான் கிளம்ப வேண்டிய நேரத்தில் பேச உட்கார்ந்தால் பேரம் யார் பக்கம் சாயும்? வீம்புக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் ஆப்கான் மக்கள்.

குழுக்களைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்து அரசுகள் போடும் தடைப்பட்டியல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஒரு குழுவைப் பட்டியலில் சேர்ப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் சேர்த்த நாளிலிருந்து மத்தியஸ்தர்களின் கையும் கட்டப்படுகிறது. இலங்கையில் 2002 பிப்ரவரியில் நார்வேயின் அனுசரணையில் போர்நிறுத்தம் வந்தது. 2003 ஏப்ரலில் உதவி வழங்கும் நாடுகளின் கூட்டம் ஒன்று வாஷிங்டனில் நடந்தது. அமெரிக்காவில் தடை இருந்ததால் புலிகளுக்கு அழைப்பு இல்லை. அதே மாதம் அவர்கள் பேச்சிலிருந்து விலகினார்கள். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வேறு மனக்குறைகளையும் சொன்னார்கள், அவர்களுக்கென்று வேறு கணக்குகளும் இருந்திருக்கும். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டது. சிறுவர்களைப் படையில் சேர்த்தது, அரசியல் கொலைகள் என்று அதற்குக் காரணங்கள் இருந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்து நடந்தது என்ன? ஒன்றியத்து நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொல்ல, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் கிளம்பினார்கள். சண்டை மறுபடி மூண்டுகொண்டிருந்த நேரத்தில், கண்காணிப்புக் குழுவில் நார்வேயும் ஐஸ்லாந்தும்தான் மிஞ்சின. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நார்வே ஐரோப்பியப் பட்டியலைப் பின்பற்றுவதை நிறுத்தியிருந்தது. மத்தியஸ்தம் செய்கிறவனுக்குப் பட்டியல் எவ்வளவு இடைஞ்சல் என்று அவர்களுக்குத் தெரியும்.

2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தடைசெய்யப்பட்ட குழுவுக்குப் பிரச்சினையை அமைதியாகத் தீர்ப்பது எப்படி என்று பயிற்சி கொடுப்பதுகூடச் சட்டப்படி குற்றமாகலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. சண்டையை விடு என்கிறோம், விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வருகிறவனையும் தடுக்கிறோம். எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படவில்லை.

ஐ.எஸ். கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 குழுக்களைப் பார்த்தார்கள். முடிவுக்கு வந்த குழுக்களில் 43 சதவீதம் அரசியலுக்குள் வந்து முடிந்தவை, 40 சதவீதம் போலீஸ் மற்றும் உளவு வேலையால் முடிந்தவை. ராணுவ பலத்தால் முடிந்தவை 7 சதவீதம்தான். 10 சதவீதம் ஜெயித்தே முடிந்தன. கோரிக்கை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அரசியல் தீர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பது அதில் கிடைத்த செய்தி. சுயாட்சி, நிலம், தேர்தல், கைதிகள் இவற்றையெல்லாம் பேரம் பேசலாம். உலகம் முழுக்க ஒரே ஆட்சி, அதில் நீ அடங்கு அல்லது சாவு என்பவரோடு எதை விட்டு எதை வாங்குவது? ஆகவே ஐ.எஸ். போன்ற அமைப்போடு அரசியல் பேச்சுக்கு விஷயமே கிடையாது. அதற்காகத் தொடர்பே கிடையாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2017 அக்டோபரில், ஐ.எஸ். பிடியிலிருந்த சிரியாவின் ராக்கா நகரத்தை மீட்கும் கட்டத்தில், பழங்குடித் தலைவர்கள் நடுவில் நின்று பேசியதால்தான் ஐ.எஸ். ஆட்கள் பலர் குடும்பத்தோடு லாரிகளில் ஏறி வெளியேறினார்கள். அசிங்கமான ஏற்பாடு என்று நிறையப் பேர் திட்டினார்கள். நகரத்துக்குள் சிக்கியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இப்போது அந்த நடுக் கேள்வி. ஆயுதம் எடுக்காதவர்கள் ஏமாளிகளா?

நேயர் சொல்வதில் உண்மை இருக்கிறது, மழுப்ப மாட்டேன். வட அயர்லாந்தில் கத்தோலிக்கத் தரப்பின் கட்சித் தலைவர் ஜான் ஹ்யூம் வாழ்நாள் முழுக்க வன்முறையை எதிர்த்தவர். 1988 முதல் ஜெர்ரி ஆடம்ஸோடு பேசி, திட்டு வாங்கி, ஐ.ஆர்.ஏ. தரப்பை அரசியலுக்கு இழுத்து வந்ததில் பெரிய பங்கு அவருடையது. 1998 ஏப்ரல் 10 அன்று சமாதான ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசும் அவருக்கும், பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் தரப்பின் தலைவர் டேவிட் டிரிம்பிளுக்கும் கிடைத்தது. அப்புறம்? 2001 தேர்தலில் ஆடம்ஸின் ஷின் ஃபெய்ன் ஹ்யூமின் கட்சியை முந்தியது. 2005-இல் டிரிம்பிள் தன் தொகுதியையே இழந்தார். 2007-இல் முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதல்வர் ஆனார். மிசோரமிலும் இதே கதைதான். 1966-இல் இந்திய அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த லால்டெங்கா, அரசோடு செய்த 1986 ஒப்பந்தத்துக்குப் பிறகு முதலமைச்சர் ஆனார். அந்த நாற்காலியில் தேர்தலில் ஜெயித்து உட்கார்ந்திருந்த லால் தன்ஹாவ்லா, எழுந்து இடம் கொடுத்துவிட்டுத் துணை முதலமைச்சராக இருந்தார்.

வட அயர்லாந்து ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டில் 400-க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள். மகனைப் பறிகொடுத்தவர், அவனைக் கொன்றவன் கடைத்தெருவில் நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் 'சமாதானத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம்.

இந்த அநியாயத்தை முழுக்க இல்லாமல் செய்ய எனக்கு வழி தெரியாது. குறைக்கலாம். அதற்கும் வட அயர்லாந்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேச்சுக்கு யார் வருவது என்பதை 1996 மே மாதம் ஒரு தேர்தல் வைத்து முடிவு செய்தார்கள். முதல் பத்து இடம் பிடித்த கட்சிகளுக்கு மேசையில் இடம். ஷின் ஃபெய்ன் சுமார் 15 சதவீதம் வாங்கியது. இருந்தும் ஐ.ஆர்.ஏ. பிப்ரவரியில் போர்நிறுத்தத்தை முறித்திருந்ததால், ஜூனில் பேச்சு தொடங்கியபோது ஆடம்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1997 ஜூலையில் துப்பாக்கி மறுபடி ஓய்ந்த பிறகு, செப்டம்பரில்தான் உள்ளே விட்டார்கள். அதே தேர்தலில், சில வாரங்களுக்கு முன்பு தொடங்கிய பெண்கள் கூட்டணி ஒன்று சுமார் ஒரு சதவீத வாக்கு வாங்கி இரண்டு இடம் பிடித்தது. மோனிகா மெக்வில்லியம்ஸ் கத்தோலிக்கர், பேர்ல் சேகர் புராட்டஸ்டன்ட். ஆடம்ஸ் வெளியே நின்ற மாதங்களில் இந்த இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். அவையில் சில ஆண்கள் மாடு மாதிரி கத்தி அவர்களைக் கேலி செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கான உரிமைகள், இரு சமூகப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளிகள் பற்றிய வரிகள் ஒப்பந்தத்தில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் விடாமல் கேட்டதால்தான்.

ஆகவே அடுத்த முறை எங்காவது இப்படிப் பேச்சு நடக்கிறது என்று செய்தி வந்தால், ஆயுதம் எடுக்காதவர்களுக்கு அங்கே எத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, நானும் உங்கள் பக்கம்தான். சரி, அடுத்த கேள்வியை எடுக்கிறேன்.