மாஸ்டர் டேப் யார் கையில்?

நண்பர்களே, வணக்கம். சோகப் பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். பாதி நேரம் வரவு செலவுக் கணக்கைத்தான் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோகப் பாட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட குழு கேலக்ஸி 500. 1987-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் தொடங்கிய மூவர் குழு. டீன் வேர்ஹம் கிட்டார் வாசித்துப் பாடுவார். டேமன் க்ருகோவ்ஸ்கி டிரம்ஸ், நவோமி யாங் பேஸ். மூவரும் நியூயார்க்கில் ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஹார்வர்ட். குழுவின் பெயர் ஒரு நண்பருடைய ஃபோர்ட் காரின் பெயர். டிரம்ஸும் இரவல்தான், ஹார்வர்டில் படித்த கோனன் ஓ'பிரையன் கொடுத்தது. ஆமாம், பின்னாளில் டிவியில் பேர்போன அதே கோனன்!

நவோமி அதற்கு முன் பேஸ் கிட்டாரைத் தொட்டதில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று என்பேன். அவருடைய பேஸ் அடியில் கிடந்து தாளத்துக்கு முட்டுக்கொடுக்காது. மேலே ஏறித் தனி மெட்டாகவே நடக்கும். டேமனோ அடிப்பதைவிட சிம்பலை வருடுவதுதான் அதிகம். இதற்கெல்லாம் மேலே, எட்டாத சுருதியை எக்கிப் பிடிக்கிற மாதிரி டீனுடைய குரல். தயாரிப்பாளர் க்ரேமர் எல்லாவற்றின் மீதும் எதிரொலியைத் தாராளமாக அள்ளித் தெளித்தார். அவசரமே இல்லாத பாட்டுகள். 1988, 89, 90 என்று ஆண்டுக்கொன்றாக மூன்று ஆல்பம்.

1991-இல், ஜப்பான் பயணம் நெருங்கும் நேரத்தில், விலகுகிறேன் என்று டீன் போனில் சொன்னார். கதை முடிந்தது. அதே ஆண்டு அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனி ரஃப் டிரேட் அமெரிக்காவில் திவாலானது. கம்பெனியின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. அதில் இவர்களுடைய மாஸ்டர் டேப்புகளும், அதாவது பிரதிகளுக்கெல்லாம் மூலமான ஒலிப்பதிவுகளும், இருந்தன. டேமன் ஏலத்தில் அவற்றை எடுத்தார். சொந்தப் பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கொடுமை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கென்னவோ, அந்தக் குழு செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று படுகிறது.

இதே டேமன் 2012-இல் கணக்கை வெளியே போட்டார். அவர்களுடைய முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டாக வந்த ரெக்கார்டு, 'டக்போட்'. அது பாண்டோரா என்ற இணைய வானொலியில் மூன்று மாதத்தில் 7,800 முறை ஒலித்திருக்கிறது. பாட்டு எழுதிய மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 21 சென்ட். ஆளுக்கு ஏழு! இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபையில் 5,960 முறை ஒலித்ததற்கு ஒரு டாலர் ஐந்து சென்ட். 1988-இல் அதே சிங்கிளை ஆயிரம் பிரதி அச்சடிக்க ஆன செலவு 980 டாலர் சொச்சம். அந்த ஆயிரத்தை விற்று வரக்கூடிய லாபத்தை ஸ்ட்ரீமிங்கில் பார்க்க, ஒரு கோடியே முப்பது லட்சம் முறைக்கு மேல் ஒலிக்க வேண்டுமாம்.

இன்னொரு வேடிக்கை. 2017 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் இவர்களுடைய 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற பாட்டு மற்றவற்றை முந்தி ஓட ஆரம்பித்தது. அது சிங்கிளாக வந்ததே இல்லை. விசாரித்தால், ஆல்பம் முடிந்ததும் அதே சாயலுள்ள அடுத்த பாட்டைத் தானாகப் போடும் வசதியை அப்போதுதான் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். குழுவின் மற்ற பாட்டுகளைவிட இது சத்தமும் சீரான தாளமும் கொண்டது. அதாவது ஊரிலுள்ள மற்றவர்களின் பாட்டுபோல இருப்பது. தங்கள் சாயல் குறைவான பாட்டாலேயே இவர்கள் பிரபலமானார்கள்!

கேட்க நினைப்பவர்கள் 1989-இன் 'ஆன் ஃபயர்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். 'ஸ்ட்ரேஞ்சை' மட்டும் தேட வேண்டாம், அது எப்படியும் தானாக வந்து சேரும்.