ஆறு சாலுக்கு ஒரு சால்

(அணைக்கட்டு வட்டார உழவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ரேஷன் அரிசியைக் கேலி பேசுகிறவர்கள் பெரும்பாலும் பசி அறியாதவர்கள். அந்த அரிசிதான் நம் ஊரில் பட்டினியை விரட்டியது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. குடற்புழு முதலாக இதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதை டாக்டர்கள் பேசட்டும். நான் நம் கொல்லையில், அதாவது பயிர் நிலத்தில், என்ன மாறியது என்பதை மட்டும் பேசுகிறேன்.

வட ஆற்காட்டு மானாவாரிக் கொல்லை எப்படி இருந்தது? ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டால், ஆறு சாலுக்கு, அதாவது ஆறு உழவு வரிசைக்கு, ஒரு சால் துவரையோ காராமணியோ விழும். கேவுரு என்கிற கேழ்வரகுக் கொல்லையில் மொச்சையும் அவரையும் கலந்திருக்கும். கேவுரு கதிரை அறுத்த பிறகுதான் மொச்சை தாராளமாகப் படரும். மார்கழிப் பனியில் காய் பிடிக்கும். மல்லாட்டை மண்டிக்குப் போகும், மொச்சை அடுப்புக்கு வரும். களிக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்கள் இங்கேயே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பிறகு போர்வெல் இறங்கியது. கரும்பு வந்தது, வாழை வந்தது, ஒரே பயிராகப் போட்டோம். ஆள் கிடைக்காமல் களைக்கொல்லிக்குப் போனோம். மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மருந்து அவரைச் செடியையும் சேர்த்துத்தான் கருக்கும். அந்த ஒரு சாலின் விளைச்சலை யாரும் வரவில் எழுதியதில்லை. அதனால் அது போனதும் நமக்கு உறைக்கவில்லை. பருப்பு கடைச்சரக்கு ஆனது. காசு இருக்கும் வாரம் கெட்டிச் சாம்பார், இல்லாத வாரம் ரசம்.

ஜவ்வாது மலைச் சாமையின் கதை வேறு. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் நகரத்தில் எல்லாரும் அதன் பெருமையைப் பேசினார்கள். சாமையின் உமி லேசில் பிரியாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். மலையில் அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைச் சாய்த்து வைத்தார்கள் என்றால், நான் அவர்கள் பக்கம்தான். மலையிலிருந்து சாமை நெல்லாகவே கீழே இறங்கி, தவிடு போகத் தீட்டி வெள்ளையாக டவுனில் விற்கிறது. நாரும் பி வைட்டமினும் அந்தத் தவிட்டோடு போய்விடுகின்றன.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேவுரு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேவுருவில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் 10கூடத் தேறாது. கேவுரு நமக்குப் புதுசா என்ன? கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். அங்கன்வாடிக்கு வேண்டிய மொச்சை, காராமணியை உள்ளூரிலேயே வாங்கச் சொல்லுங்கள். வாங்க ஆள் இருந்தால் அந்தச் சால் தானாகத் திரும்பும்.

மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் சாமைக்கு உமி நீக்கும் மெஷின் கேட்கிறவர்கள், மெஷினோடு நிறுத்த வேண்டாம். சல்லடை கிழிந்தால், பெல்ட் அறுந்தால் யார் மாற்றுவது, கரண்ட் பில் யார் கட்டுவது என்பதையும் மகளிர் குழுவின் பெயரில் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.