லையாட்ரிஸ் பூக்களைப் பிரித்தறிவது எப்படி? பூவின் அடிப்புறத்தைப் பாருங்கள்!

[திரையில்: ஊதாப் பூத்தண்டுகளின் நான்கு படங்கள்]

இந்த நான்கு படங்களிலும் இருப்பது ஒரே செடி என்று நினைக்கிறீர்களா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு சிற்றினங்கள். நிறத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்து இவற்றைப் பிரிப்பது மிகவும் கடினம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், ஒரு நிமிடத்தில் பெயர் சொல்லிவிடலாம்.

அமெரிக்கர்கள் பிளேசிங் ஸ்டார் என்று அழைக்கும் இந்தச் செடிகளின் தாவரவியல் பெயர் லையாட்ரிஸ். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் சுமார் 40 சிற்றினங்கள் உள்ளன, பெரும்பாலானவை ராக்கி மலைகளுக்குக் கிழக்கே வளர்கின்றன. மேற்கு மாநிலங்களில் மென்ட்சீலியா என்ற, சற்றும் உறவில்லாத செடியையும் இதே பெயரால் அழைப்பதால், பொதுப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

நம் கையில் இருப்பது லையாட்ரிஸ்தானா என்பதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. சம்பங்கித் தண்டில் மொக்குகள் அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். லையாட்ரிஸில் உச்சியில் உள்ள பூதான் முதலில் மலரும். பிறகு வரிசை கீழ்நோக்கி இறங்கும்.

[திரையில்: ஒரு பூத்தலை, லென்ஸ் வழியாக, பக்கவாட்டில்]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் பல சிறுமலர்கள் சேர்ந்த பூத்தலை. வெளியே பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருப்பவை இதழ்கள் அல்ல, சூல்தண்டின் கிளைகள். அந்த அழகில் மயங்காமல், பூத்தலையைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் அடியைக் கிண்ணம்போல் சூழ்ந்திருக்கும் பூவடிச் செதில்களைப் பாருங்கள். செடியின் அடையாள அட்டையே இங்குதான் இருக்கிறது.

முதலில் ஸ்பிகேட்டா, பிக்னோஸ்டாக்கியா என்ற இரு சிற்றினங்கள். இரண்டிலும் காம்பில்லாத சிறிய பூத்தலைகள் தண்டை ஒட்டி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிகேட்டாவின் செதில்கள் மழுங்கிய நுனியுடன் பூத்தலையோடு ஒட்டிப் படிந்திருக்கும். பிக்னோஸ்டாக்கியாவில் அவற்றின் கூர்நுனிகள் வெளிப்புறமாக வளைந்து நிற்கும். இந்த ஒரு வேறுபாடே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு அடுத்த இரண்டு: ஆஸ்பெராவும் லிகுலிஸ்டைலிஸும். ஆஸ்பெராவின் செதில் நுனி வட்டமானது. அதன் மெல்லிய விளிம்பு இளஞ்சிவப்பாக, எண்ணெயில் போட்ட அப்பளத்தின் ஓரம் கொப்புளித்துச் சுருண்டதைப் போல இருக்கும். ஒருமுறை லென்ஸில் பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். லிகுலிஸ்டைலிஸின் செதில் விளிம்பும் மெல்லியதுதான், ஆனால் அதில் கொப்புளம் இருக்காது. தட்டையாக, கிழிந்த தாள் ஓரம்போல் ஒழுங்கற்றிருக்கும். அடுத்து காம்பைப் பாருங்கள். ஆஸ்பெராவின் பூத்தலைகள் பெரும்பாலும் தண்டிலேயே உட்கார்ந்திருக்க, லிகுலிஸ்டைலிஸின் பூத்தலைகள் தெளிவான காம்புகளில் விலகி நிற்கும், உச்சியில் இருப்பது மற்றவற்றைவிடப் பெரிதாகவும் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு பூத்தலையின் சிறுமலர்களை எண்ணுங்கள்: ஆஸ்பெராவில் பொதுவாக 14 முதல் 24 வரை, லிகுலிஸ்டைலிஸில் 30க்கு மேல்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். கோடையின் இறுதியில் மெக்சிகோவை நோக்கிப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் லிகுலிஸ்டைலிஸ் பூக்களில் கூட்டமாக வந்து தேன் குடிக்கும். அவற்றுக்காகவே இச்செடியைத் தேடி வாங்குவோர், பெயர்ச்சீட்டை நம்புவதைவிட, பூத்தவுடன் காம்பையும் செதிலையும் தாங்களே சரிபார்ப்பது நல்லது.

வேறு மூன்று சிற்றினங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்ட்ரேசியா, ஸ்குவாரோசா, பங்டேட்டா ஆகியவற்றின் விதைமுடிகள், அதாவது விதையின் உச்சியில் இருக்கும் மெல்லிய இழைகள், லென்ஸில் இறகுபோல் கிளைத்திருக்கும். முன்பு பார்த்த நான்கிலும் அவை சிறு முட்கள் கொண்ட இழைகளாகவே இருக்கும். சிலிண்ட்ரேசியாவின் செதில்கள் உருளைபோல் இறுகியிருக்கும், ஸ்குவாரோசாவில் அகன்று விரிந்திருக்கும். பங்டேட்டாவின் இலைகளில் புள்ளிகள் தெரியும். வறண்ட சமவெளியில் வாழும் அதன் வேர் 4 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது.

வளரும் இடமும் துணைச் சான்றாகும்: ஸ்பிகேட்டா ஈரநிலத்தை விரும்பும், ஆஸ்பெரா வறண்ட மணற்பாங்கை விரும்பும். ஆயினும் இச்சிற்றினங்கள் தமக்குள் கலப்பதால், எந்த விளக்கத்துக்கும் முழுமையாகப் பொருந்தாத செடிகளும் உங்கள் கண்ணில் படும். அவற்றை வலிந்து ஒரு பெயருக்குள் அடைக்க வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடையாளம் காண்பதற்காகப் பூவைப் பறிக்காதீர்கள். புளோரிடாவின் லேக் வேல்ஸ் மேட்டுநிலத்தில் வளரும் ஓலிங்கரே என்ற லையாட்ரிஸ், 1989 முதல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. முழுத் தண்டு, பூத்தலையின் பக்கவாட்டுத் தோற்றம், காம்பு இணையும் இடம் ஆகிய மூன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்; நாம் முதலில் பார்த்த நான்கு சிற்றினங்களைப் பிரிக்க இந்த மூன்று படங்களே போதும்.