நீலா, ஹேவ்லாக்கா? சைக்கிளோடு ஒரு தீவுப் பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

அந்தமானில் சைக்கிள் ஓட்டத் தோதான தீவுகள் என்றால் எல்லோரும் இரண்டைச் சொல்வார்கள். ஒன்று ஹேவ்லாக், மற்றது நீல். 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கிற்கு ஸ்வராஜ் தீவு, நீலுக்கு ஷாகித் தீவு என்று பெயர் மாறியது. ஆனால் படகுத்துறையில் இன்றும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே இரண்டையும் பிரித்துவிடலாம். ஹேவ்லாக்கில் கோவிந்த நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று எல்லாம் கண்ணன் வீட்டுப் பெயர்கள். நீலில் ராம் நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர். அது முழுக்க ராமாயணம்.

படத்தில் எந்தக் கடற்கரை அழகு என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஹேவ்லாக்கிற்குப் போய்விடுகிறார்கள். சைக்கிளை நம்பிப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாலையின் ஏற்றத்தை.

ஹேவ்லாக்கில் படகுத்துறையிலிருந்து ராதா நகர் கடற்கரை ஏறக்குறைய 12 கிலோமீட்டர். வேலூரில் காட்பாடியிலிருந்து பாகாயம் வரை மிதிப்பவருக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சாலை காட்டுக்குள் ஏறி ஏறி இறங்குகிறது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவு அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். இருந்தாலும் கியர் இல்லாத கனமான வாடகை சைக்கிளில் பாதி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும். இறக்கத்தில் மழை ஈரம் இருந்தால் பிரேக் கட்டை வழுக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சறுக்கி ஆள் விழுவார். ராதா நகருக்கு ஆட்டோவோ பேருந்தோ பிடிப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. அதே தீவில் விஜய் நகர் வழியாகக் காலாபத்தர் போகும் கிழக்குக் கரைச் சாலை பெரும்பாலும் சமதளம், சைக்கிளுக்கு அது போதும்.

நீல் மிகச் சிறியது. படகுத்துறையிலிருந்து பரத்பூர் நடக்கிற தூரம். லக்ஷ்மண்பூர் சுமார் 2 கிலோமீட்டர், தீவின் மறுகோடியில் இருக்கும் சீதாபூர் சுமார் 5. வழியெல்லாம் வயலும் காய்கறித் தோட்டமும் பாக்கு மரமும். பள்ளிப் பிள்ளை சைக்கிளே போதும். குடும்பத்தோடு போகிறவர்களும், ஓட்டிப் பல வருடம் ஆனவர்களும் நீலையே எடுங்கள். இரண்டு இரவு தங்கினால் அவசரமே இல்லாமல் முழுத் தீவையும் சுற்றலாம். கியர் சைக்கிளும் கால் பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் ஹேவ்லாக்கின் காட்டுச் சாலை ருசிக்கும்.

கணக்கு தப்புவது நேரத்தில்தான். அந்தமானிலும் நம் கடிகாரமே ஓடுகிறது, ஆனால் சூரியன் அங்கே வேலூரைவிட ஏறக்குறைய 55 நிமிடம் முந்திவிடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டு கட்டும். விளக்கில்லாத வாடகை சைக்கிளோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். சீதாபூரில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் விடியுமுன் கிளம்ப வேண்டும், அதற்கும் டார்ச் தேவை. லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். வற்றுநேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், விடுதியில் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக உள்வாங்கும்.

இனி வாடகை சைக்கிள். உப்புக் காற்று செயினைத் துருவாக்கிவிடும், அதனால் பணம் கொடுக்குமுன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். பிரேக் பிடியை அழுத்தினால் அது ஹேண்டிலைத் தொடக்கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கழுத்துப் பகுதியில் லொடலொட என்று ஆடினால் வேறு வண்டி கேளுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதியின் மேல் வைத்தால், மிதி கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீட் அதற்கும் தாழ்ந்திருந்தால் மாலைக்குள் முழங்கால் வலிக்கும். செயின் கிறீச்சிட்டால் மெஷின் ஆயில் சில சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காத எண்ணெயில் கடல் மணல் ஒட்டி உப்புக் காகிதம் போல அரைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பஞ்சர் ஒட்டும் பசை, ஒட்டுத் துண்டு, டயர் நெம்பி, சிறிய பம்ப் இவற்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு வெயில் புதிதல்ல, அங்கே வாட்டுவது புழுக்கம். வியர்வை காயாது, உடல் குளிராது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடியுங்கள், ஒரு லிட்டர் நீரில் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்று கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கும் இடத்தில் நீரில் கால் வைக்காதீர்கள், அது அலங்காரத்துக்கு நட்டது அல்ல. பவளத் துண்டைப் பையில் போட்டால் விமான நிலையத்தில் வம்பு வரும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். மே மாதத்திலிருந்து மழையும் கொந்தளிப்பும், படகுகள் அடிக்கடி ரத்தாகும். நல்ல பருவத்திலும் காற்று கிளம்பினால் ரத்து செய்வார்கள். ஆகவே கடைசி இரவைத் தீவில் வைக்காமல், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரில் வைத்துக்கொண்டு, மறுநாள் சென்னைக்கு விமானம் ஏறுங்கள்.